‘பெரம்பலூர்’ எத்தனை எழுத்து? இந்தக் கேள்வியோடு கணினி மாநாட்டு மேடையே ஏறலாம்!

‘பெரம்பலூர்’ என்ற சொல்லில் எத்தனை எழுத்து? விரல் விட்டு எண்ணிப் பாருங்கள். பெ, ர, ம், ப, லூ, ர். மொத்தம் ஆறு. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகூட சொல்லிவிடும்.

இதே கேள்வியைப் பைத்தான் மொழியில் கணினியிடம் கேட்டால், ‘10’ என்கிறது. பக்கத்து ஊரான ‘அரியலூர்’ நமக்கு ஐந்து எழுத்து. கணினிக்கு 8.

கணினி தப்பாக எண்ணவில்லை. அது எண்ணுவது எழுத்தை அல்ல, யூனிகோடு குறியீடுகளை. ‘பெ’ என்பது அதற்கு ‘ப’ ஒன்று, ஒற்றைக்கொம்பு ஒன்று என இரண்டு. ‘ம்’ என்பது ‘ம’ ஒன்று, புள்ளி ஒன்று. இப்படிக் கூட்டினால் பத்து வந்துவிடும்.

‘இதனால யாருக்கு என்ன கஷ்டம்?’ என்று கேட்கலாம். ஒரு ஆன்லைன் படிவத்தில் ஊர்ப் பெயருக்கு 9 இடம் மட்டும் ஒதுக்கியிருந்தால், ஆறெழுத்து ஊரான பெரம்பலூருக்கு இடம் பத்தாது. கடைசிப் புள்ளி உதிர்ந்து ‘பெரம்பலூர’ என்று நிற்கும். எஸ்எம்எஸ்-ஸிலும் இதே கதைதான். ஆங்கிலத்தில் ஒரு குறுஞ்செய்திக்கு 160 எழுத்து. தமிழில் அனுப்பினால் 70 குறியீடுகள் மட்டும். ஊர்ப் பெயருக்கே அதில் 10 போய்விடும்.

இதை ஐந்து நிமிடத்தில், நான்கு ஸ்லைடுகளில் விளக்க முடியும். விளக்கினால் அது ஒரு மென்பொருள் மாநாட்டுப் பேச்சு. பெரம்பலூர், அரியலூர்ப் பக்கம் படிக்கும் பல மாணவர்களுக்கு ‘கான்ஃபரன்ஸ்’ என்றாலே சென்னை, பெங்களூரு, கோட்டு சூட்டு, இங்கிலீஷ்தான் நினைவுக்கு வரும். உண்மையில் அந்த மேடைகள் எப்படி இயங்குகின்றன? அங்கே யார் பேசலாம்? காசு ஆகுமா? பார்ப்போம்.

எல்லா மாநாடும் ஒன்றல்ல

‘கான்ஃபரன்ஸ்’ என்ற ஒரே பெயரில் நான்கு விதமான நிகழ்ச்சிகள் நடக்கின்றன.

ஒன்று, கல்லூரி சிம்போசியம். பேப்பர் பிரசன்டேஷன், க்விஸ், பரிசு, சான்றிதழ், மதிய பிரியாணி. கூச்சம் விலக நல்ல இடம்.

இரண்டாவது, ஆய்வுக் கட்டுரை மாநாடு. இதில் தரமானவையும் உண்டு. காசு கட்டினால் போதும், எந்தக் கட்டுரையையும் வாங்கிப் போட்டுக்கொள்ளும் போலிகளும் உண்டு. ‘இன்டர்நேஷனல்’ என்ற சொல்லைப் பார்த்து ஆயிரக்கணக்கில் பணம் கட்டிவிட்டு, கடைசியில் ஒரு சான்றிதழோடு நிற்கும் மாணவர்கள் உண்டு.

மூன்றாவது, நிறுவனங்கள் நடத்துவது. அவர்களுடைய தயாரிப்பை நமக்கு அறிமுகம் செய்வதுதான் முதல் நோக்கம்.

நான்காவதுதான் சமூக மாநாடு. ஒரு மென்பொருளைப் பயன்படுத்துகிறவர்களும் எழுதுகிறவர்களும் தாங்களே கூடி நடத்துவது. ஏற்பாடு செய்கிறவர்கள் தன்னார்வலர்கள். பேசுகிறவர் பேராசிரியராகவோ மேனேஜராகவோ இருக்க வேண்டியதில்லை. இரண்டாம் ஆண்டு மாணவி பேசலாம், பிரவுசிங் சென்டர் வைத்திருப்பவர் பேசலாம். பேச்சுகள் பெரும்பாலும் பதிவாகி இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும்.

பெல்ஜியம் தலைநகர் பிரஸ்ஸல்ஸில் ஆண்டுதோறும் நடக்கும் ‘ஃபாஸ்டெம்’ இதற்கு ஒரு நல்ல உதாரணம். உலகம் முழுவதிலுமிருந்து ஆயிரக்கணக்கானோர் வருவார்கள். ஆனால் நுழைவுக் கட்டணம் கிடையாது. பெயர்ப் பதிவுகூடக் கிடையாது. நேராக உள்ளே போய் உட்காரலாம்.

அஞ்சு நிமிஷத்துல என்ன பேசிட முடியும்?

நிறையவே பேசலாம். இந்த மாநாடுகளில் ‘லைட்னிங் டாக்’ என்று ஒரு வகை உண்டு. ஆளுக்கு ஐந்து நிமிடம். நேரம் முடிந்தால் மைக் அடுத்தவருக்குப் போய்விடும்.

2013 மார்ச். அமெரிக்காவின் சான்டா கிளாராவில் பைத்தான் மொழிக்காரர்களின் ‘பைகான்’ மாநாடு. சாலமன் ஹைக்ஸ் என்பவர் இப்படி ஒரு ஐந்து நிமிடப் பேச்சில், தன்னுடைய குழு செய்துகொண்டிருந்த ஒரு கருவியைத் திரையில் ஓட்டிக் காட்டினார். அதன் பெயர் டாக்கர். இன்று ஐடி வேலைக்கான விளம்பரங்களில் ‘டாக்கர் தெரிந்திருக்க வேண்டும்’ என்ற வரி அடிக்கடி கண்ணில் படும். அந்தக் கருவி வெளியுலகத்துக்கு அறிமுகமானது அந்த ஐந்து நிமிடத்தில்தான்.

நோட் ஜேஎஸ் கதையும் ஏறக்குறைய இதேதான். 2009-ல் பெர்லினில் நடந்த ஜாவாஸ்கிரிப்ட் சமூக மாநாட்டில் ரயன் டால் அதை மேடையில் காட்டியபோதுதான் உலகம் திரும்பிப் பார்த்தது.

எல்லாப் பேச்சும் டாக்கர் ஆகிவிடாது. ஆனால் ஒரு விஷயம் பொது. செய்தவரே வந்து, செய்ததை ஓட்டிக் காட்டி, ‘இந்த இடத்துல மாட்டிக்கிட்டேன், இப்படி வெளியே வந்தேன்’ என்று சொல்கிறார். பாடப் புத்தகத்தில் கிடைக்காதது அந்த ‘மாட்டிக்கிட்ட’ பகுதிதான்.

தமிழ்நாட்டில் இது புதுசா?

இல்லை. சென்னை லினக்ஸ் பயனர் குழுவான ‘ஐலக்-சி’ 1998 ஜனவரி முதல் இயங்கி வருகிறது. மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை கூட்டம் என்பது அதன் வழக்கம். அங்கே உட்கார்ந்து கேட்ட பலர் பிறகு தாங்களே குழுக்களைத் தொடங்கியிருக்கிறார்கள், தமிழில் எழுதியிருக்கிறார்கள். 2012-ல் தொடங்கிய ‘கணியம்’ இதழ் லினக்ஸ், பைத்தான் பற்றியெல்லாம் தமிழிலேயே கட்டுரைகளும் மின்னூல்களும் தந்து வருகிறது.

தமிழ்க் கணினி மாநாடுகளின் வரலாறும் பழையதுதான். 1997-ல் சிங்கப்பூரில் முதல் தமிழ் இணைய மாநாடு நடந்தது. 1999 பிப்ரவரியில் சென்னையில் ‘தமிழ்நெட் 99’. அதுவரை ஆளுக்கொரு கீபோர்டு, ஆளுக்கொரு எழுத்துரு. ஒருவர் அடித்ததை இன்னொருவர் கணினியில் திறந்தால் பூச்சி பூச்சியாகத் தெரியும். பல நாட்டுத் தமிழர்கள் ஒரே அரங்கில் உட்கார்ந்து விவாதித்த அந்த மாநாட்டின் பலன்தான் ‘தமிழ் 99’ விசைப்பலகை. இன்று கைபேசி கீபோர்டு அமைப்பிலும் அந்தப் பெயரைப் பார்க்கலாம்.

பைத்தானுக்கான ‘பைகான் இந்தியா’ 2009-ல் பெங்களூருவில் தொடங்கியது. 2019-ல் சென்னை வர்த்தக மையத்துக்கு வந்தது. இந்த மாநாட்டில் ஆண்டுதோறும் ஒரு விருது தருகிறார்கள். பெயர் கென்னத் கொன்சால்வஸ் விருது. இந்தியாவில் பைத்தான் சமூகத்தையும் அதற்கான சங்கத்தையும் கட்டி எழுப்பியவர்களில் முக்கியமானவர் அவர். 2012-ல் மறைந்தார். அவர் வாழ்ந்தது பெங்களூருவிலோ சென்னையிலோ அல்ல, ஊட்டியில். மலை மேல் உட்கார்ந்துகொண்டு ஒரு தேசிய மாநாட்டுக்கு அடித்தளம் போட்டவர் என்பதை, ‘நம்ம ஊர்ல இருந்து என்ன பண்ண முடியும்?’ என்று யோசிப்பவர்கள் நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

விழுப்புரம் காட்டிய வழி

பெரம்பலூர், அரியலூருக்கு ரொம்பப் பக்கத்து உதாரணம் விழுப்புரம். அங்கே ‘விஜிலக்’ என்ற லினக்ஸ் பயனர் குழு பல ஆண்டுகளாக இயங்குகிறது. 2023 ஜனவரி இறுதியில் ‘மினி டெப்கான்ஃப் தமிழ்நாடு’ நடந்தது அந்த ஊரில்தான்.

டெபியன் என்பது 1993-ல் தொடங்கிய ஆப்பரேட்டிங் சிஸ்டம். எந்த நிறுவனத்துக்கும் சொந்தமில்லை. உலகம் முழுக்க உள்ள தன்னார்வலர்கள் சேர்ந்து வளர்க்கிறார்கள். பலரும் பயன்படுத்தும் உபுண்டு இதன் மேல் கட்டப்பட்டதுதான். அரசுப் பள்ளியில் விலையில்லா மடிக்கணினி வாங்கியவர்களுக்கு இன்னொன்றும் நினைவிருக்கும். ஆன் செய்தால் விண்டோஸுக்குப் பக்கத்தில் ‘பாஸ் லினக்ஸ்’ என்று ஒன்று எட்டிப் பார்க்கும். மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய அதுவும் டெபியனை அடிப்படையாகக் கொண்டதே. அதாவது, டெபியன் பெயரே கேள்விப்படாத ஆயிரக்கணக்கான வீடுகளுக்குள் அது ஏற்கெனவே வந்துபோயிருக்கிறது.

அந்த டெபியனின் உலக மாநாடு, இந்தியாவில் முதல்முறையாக 2023 செப்டம்பரில் கொச்சியில் நடந்தது. அதே ஆண்டின் தொடக்கத்தில் தமிழ்நாட்டுக் கூட்டத்துக்கு இடம் கொடுத்த ஊர் விழுப்புரம். விமான நிலையமோ ஐடி காரிடாரோ அதற்குத் தேவைப்படவில்லை. ஒரு ஊரில் விடாமல் கூடிக்கொண்டிருந்த ஒரு குழு இருந்தது, அவ்வளவுதான்.

‘ஓடி கிடைக்குமா?’ – நிஜத் தடைகள்

மேடை திறந்திருக்கிறது என்று சொல்வது சுலபம். போய்ச் சேருவது வேறு விஷயம்.

அரியலூர் மாணவருக்கு ரயில் இருக்கிறது. விழுப்புரம் – திருச்சி கார்டு லைனில் ஊர் இருப்பதால் விருத்தாசலம் வழியாக நேரே விழுப்புரமோ சென்னையோ போய்விடலாம். பெரம்பலூருக்கு ரயிலே கிடையாது. திருச்சி – சென்னை தேசிய நெடுஞ்சாலையில் பஸ்தான். மாநாடு காலை ஒன்பது மணிக்கு என்றால் விடியும் முன்பே கிளம்ப வேண்டும். மாலையில் லைட்னிங் டாக் முடிவதற்குள், சொந்த கிராமத்துக்குப் போகும் கடைசி டவுன் பஸ் நினைவுக்கு வந்துவிடும். ஹாஸ்டல் மாணவிக்கு அவுட்பாஸ், வார்டன் கையெழுத்து, வீட்டில் அனுமதி. சனிக்கிழமை வகுப்பு இருந்தால் ‘ஓடி’ பிரச்சினை வேறு.

இவற்றில் சிலவற்றுக்கு வழி உண்டு. டெப்கான்ஃப், பைகான் இந்தியா போன்ற மாநாடுகளில் பயண உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். பேச்சாளராகத் தேர்வானால் வாய்ப்பு கூடும். கல்லூரியில் அனுமதி கேட்கும்போது, மாநாட்டின் இணையதளம், நிகழ்ச்சி நிரல், நடத்தை விதிமுறை மூன்றையும் காட்டுவது உதவும். நடத்தை விதிமுறை என்பது, யாரும் யாரையும் கேலி, சீண்டல் செய்யக் கூடாது, செய்தால் யாரிடம் புகார் தரலாம் என்று எழுதிவைத்திருக்கும் ஆவணம். பெற்றோரிடம் காட்டவும் அது பயன்படும். அப்படி ஒன்று இல்லாத மாநாடு என்றால், ஏன் இல்லை என்று கேட்டுவிட்டுப் போவது நல்லது.

போகவே முடியவில்லையா? பேச்சுப் பதிவுகள் இருக்கின்றன. நான்கு பேர் சேர்ந்து ஒரு லேப்டாப்பில் ஒரு பேச்சைப் போட்டுப் பார்த்து, நடுநடுவே நிறுத்தி விவாதிப்பது தனியாகப் பார்ப்பதைவிடப் பல மடங்கு பலன் தரும்.

உள்ளே என்ன நடக்கும்?

வழக்கமான பேச்சு 20 முதல் 45 நிமிடம் வரை. கடைசியில் கேள்வி நேரம். லைட்னிங் டாக்குக்குப் பல இடங்களில் அன்று காலையிலேயே பெயர் கொடுத்துக்கொள்ளலாம். ‘பிஓஎஃப்’ என்று இன்னொன்று உண்டு. ஒரே ஆர்வம் உள்ளவர்கள் வட்டமாக உட்கார்ந்து பேசுவது. அங்கே ஸ்லைடு, மேடை எதுவும் கிடையாது. பயிலரங்கு என்றால் லேப்டாப்போடு போய் நாமே செய்து பார்ப்பது.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது என்று பழையவர்கள் சொல்வது வராண்டாவை. டீ குடிக்கும்போது நடக்கும் பேச்சு. வேலை வாய்ப்பு, இன்டர்ன்ஷிப், ‘என் புராஜெக்ட்ல ஒரு பக் இருக்கு, பார்க்கிறியா?’ என்ற அழைப்பு எல்லாம் அங்கேதான் வரும். கூச்சமாக இருக்கிறதா? அதற்கும் ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்கள். ‘ரைட் தி டாக்ஸ்’ சமூகத்தைச் சேர்ந்த எரிக் ஹோல்ஷர் பரப்பிய ‘பேக்மேன் விதி’. வட்டமாக நின்று பேசும்போது, பேக்மேன் வாய் மாதிரி ஒரு ஆள் நுழைய இடைவெளி விட்டே நிற்க வேண்டும். தனியாக வந்தவர் அந்த இடைவெளியில் போய் நின்றுகொள்ளலாம்.

பேச்சு தேர்வாவது எப்படி?

மாநாட்டுக்குச் சில மாதங்களுக்கு முன்பே ‘பேச்சுகளுக்கான அழைப்பு’ வெளியாகும். படிவத்தில் பொதுவாகக் கேட்பது நான்கு விஷயம்: தலைப்பு, சுருக்கம், யாருக்கான பேச்சு, கேட்டு முடித்த பிறகு அவர்களுக்கு என்ன மிஞ்சும். காலேஜ் பெயர், சிஜிபிஏ எல்லாம் பெரும்பாலும் கேட்பதே இல்லை. சில மாநாடுகளில், தேர்வு செய்பவர்களுக்கு முதல் சுற்றில் பேச்சாளர் பெயரையே காட்டமாட்டார்கள்.

பைகான் இந்தியாவில் பல ஆண்டுகள் ‘ஜங்ஷன்’ என்ற தளம் வழியாக விண்ணப்பங்கள் வந்தன. யார் என்ன தலைப்பு கொடுத்திருக்கிறார்கள் என்பதை எல்லோரும் பார்க்கலாம், கருத்து சொல்லலாம். அந்தத் தளத்தையே சமூகத்தினர்தான் எழுதினார்கள்.

நிராகரிக்கப்படும் விண்ணப்பங்களில் அடிக்கடி காணப்படும் குறை ஒன்று: தலைப்பு ரொம்பப் பெரிதாக இருக்கும். ‘செயற்கை நுண்ணறிவின் எதிர்காலம்’ என்றால் எதைப் பேசப்போகிறார் என்றே தெரியாது. ‘சின்ன வெங்காய விலையைத் தினமும் எடுத்து வரைபடம் போடும் ஒரு நிரல்: மூன்று முறை உடைந்தது ஏன்?’ என்றால் உடனே புரியும். மானாவாரி மக்காச்சோளம், பருத்தி, சின்ன வெங்காயம், சிமென்ட் லாரி, கங்கைகொண்ட சோழபுரம், அரியலூர் புதைபடிமம் என இந்த இரண்டு மாவட்டங்களிலும் தலைப்புக்கா பஞ்சம்? ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் தன் ஊர்த் தெருக்களையும் ஏரியையும் தமிழில் பெயரிட்டுச் சேர்த்த அனுபவமே ஒரு பேச்சுதான்.

இங்கிலீஷ் வரலைன்னா?

தமிழ்நாட்டில் நடக்கும் கட்டற்ற மென்பொருள் கூட்டங்களில் தமிழில் பேசுவது சகஜம். ‘லூப்’, ‘ஃபங்ஷன்’ என்று தொழில் சொற்கள் அப்படியே வரும். மற்றது வீட்டுப் பேச்சு. தேசிய மாநாடுகளில் ஆங்கிலம் தேவைப்படும். ஆனால் அங்கும் இலக்கணத்தை யாரும் அளந்து பார்ப்பதில்லை. திரையில் நிரல் ஓடுகிறதா என்றுதான் பார்ப்பார்கள். முதலில் தமிழில் ஒருமுறை பேசிப் பழகிவிட்டு, அதே பேச்சை ஆங்கிலத்தில் எடுத்துப்போவது நல்ல வழி.

தமிழ்க்காரர்கள் அந்த அரங்கில் இருக்க வேண்டியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நீங்கள் ஆண்ட்ராய்டு போனில் இதைப் படிக்கிறீர்கள் என்றால், ‘பெ’ என்பதில் கொம்பை எழுத்துக்கு முன்னால் கொண்டுபோய் ஒழுங்காக வைப்பது ‘ஹார்ஃப்பஸ்’ என்ற கட்டற்ற மென்பொருள். குரோம், ஃபயர்பாக்ஸ், லிப்ரே ஆபிஸ் எல்லாவற்றிலும் அதுதான். அப்படி ஒன்றில் தமிழ் உடைந்தால், உடைந்திருக்கிறது என்று கண்டுபிடிக்கத் தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவர் வேண்டும். அவர் புகார் எழுதத் தெரிந்தவராகவும், முடிந்தால் திருத்தத் தெரிந்தவராகவும் இருக்க வேண்டும். அந்த ஆள் அரங்கில் இல்லையென்றால், எழுத்து உடைந்தே கிடக்கும்.

நம்ம ஊர்லயே ஆரம்பிக்கலாமா?

தாராளமாக. மாநாடு வேண்டாம், மாதக் கூட்டம் போதும். சென்னைக் குழுவின் சூத்திரம் எளிமையானது: தேதி மாறக் கூடாது. ‘இரண்டாவது சனிக்கிழமை’ என்றால் இரண்டாவது சனிக்கிழமைதான். நான்கு பேர் வந்தாலும் நடக்க வேண்டும்.

இடத்துக்கு ஒரு கல்லூரி லேப், அல்லது மாவட்ட மைய நூலகத்தில் அனுமதி கேட்டு ஒரு அறை. ஒரு புரொஜெக்டர், இல்லாவிட்டால் ஒரு டிவி. ஒருவருக்கு 20 நிமிடம், மூன்று பேருக்கு ஐந்தைந்து நிமிடம். முடிந்ததும் டீ. பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் நடுவே சுமார் 30 கிலோமீட்டர்தான். ஒரு மாதம் அங்கே, ஒரு மாதம் இங்கே என்று மாறி மாறிகூட வைக்கலாம். சிறப்புப் பேச்சாளர் கிடைக்கவில்லை என்று கூட்டத்தைத் தள்ளிப்போடுவதுதான் பல குழுக்கள் நின்றுபோகும் இடம். உள்ளூர் ஆட்களே பேசிக்கொண்டிருந்தால் குழு நிற்காது.

முதல் பேச்சுக்கு ஒரு தலைப்பு

எதிலிருந்து தொடங்குவது என்று தெரியவில்லையா? மேலே சொன்ன கேள்வியையே எடுத்துக்கொள்ளலாம்.

முதல் ஸ்லைடு: ‘பெரம்பலூர் எத்தனை எழுத்து?’ அரங்கம் ‘ஆறு’ என்று சொல்லும். இரண்டாவது: பைத்தானில் கேட்டுக் காட்டுங்கள், 10 என்று வரும். மூன்றாவது: சொல்லைத் தலைகீழாகத் திருப்பச் சொல்லுங்கள். புள்ளியும் கொம்பும் தங்கள் எழுத்தை விட்டுவிட்டு இடம் மாறி நிற்கும். நான்காவது: முத்து அண்ணாமலையும் நண்பர்களும் உருவாக்கிய ‘ஓப்பன்-தமிழ்’ என்ற கட்டற்ற பைத்தான் நிரலகத்தை இறக்கி, அதே சொல்லை எழுத்தெழுத்தாகப் பிரிக்கச் சொல்லுங்கள். பெ, ர, ம், ப, லூ, ர் என்று ஆறாக வரும்.

கடைசியாக, ஊர்ப் பெயரைத் தமிழில் கேட்கும் ஏதாவது ஒரு படிவத்தைத் திறந்து, அங்கே புள்ளி உதிராமல் நிற்கிறதா என்று எல்லோர் முன்னாலும் சோதித்துப் பாருங்கள். உதிர்ந்தால், யாருக்குப் புகார் எழுதுவது என்பதுதான் அடுத்த மாதக் கூட்டத்துக்கான தலைப்பு.